கோப்பு 7713

பெயர்: சூ. ஜெனோவா. வயது இருபத்திரண்டு.
ஓசூரில் வேலை. போர்க்கப்பலுக்கு
ரப்பர் வளையம் வார்க்கும் கம்பெனி.
கட்டைவிரல் மோதிரம் அளவுதான் வளையம்.
அது கசிந்தால் கப்பல் என்ன ஆகும் என்று
எனக்குச் சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
கோப்புக்குத் தொண்ணூறு ரூபாய்,
பெட்ரோல் என் பாடு,
நாற்பத்தெட்டு மணி நேரம்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும்
சாலையில் மணல் ஏறிக் கிடந்தது.
பைக்கை இறங்கித் தள்ளினேன்,
இடது கையில் ஒரு கடல், வலது கையில் ஒரு கடல்.
கம்பிப்பாடு.

கதவு எண் என்று முதல் கட்டம்.
கதவு இருந்தால்தானே எண்.
ஓலைப் படலில் சாக்கு ஒன்று தொங்கியது.
"எதாச்சும் போடுங்க" என்றார் பெண்ணின் தாய்,
கருவாட்டைப் புரட்டிக்கொண்டே.
எதாச்சும் போட முடியாதும்மா,
இது தேசப் பாதுகாப்பு.
அவர் சிரிக்கவில்லை.
நான் சிரித்திருக்கலாம்.

அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சி.
லிபோன்ஸ் சொன்னார்:
"போன்ல காசு தீந்தா அந்தப் புள்ளதான் போட்டுவிடும்,
ஓசூர்லேர்ந்து. திருப்பிக் கேக்காது."
குணம் என்ற கட்டத்தில் இது எங்கே அடங்கும்?
தொட்டால் இறங்கும் பட்டியலில் இருப்பது
திருப்திகரம், திருப்தியில்லை.
கறுப்பாயி ரேகை வைக்க விரலைத் துடைத்தார்.
துடைத்தும் ஒரு செதில்
மையோடு தாளில் ஒட்டிக்கொண்டது.

கேள்வி பதினான்கு.
குடும்பத்தில் யாரேனும் வெளிநாடு சென்றதுண்டா?

"மூணு தடவ" என்றார் சூசையருள்.

பாஸ்போர்ட்?
"இல்ல."
நோக்கம்?
"நாங்க எங்க போனோம். காத்து கொண்டுபோச்சு.
அப்புறம் அவங்க கொண்டுபோனாங்க."
தங்கிய இடம்?
"மன்னார்ல பதினேழு நாள்.
யாழ்ப்பாணத்துல ரெண்டு மாசம். சோறு பரவால்ல."

ஓட்டல், உறவினர் வீடு, அரசு விடுதி.
மூன்றே வாய்ப்புதான்.
என் விரல் மூன்றாவதன் மேல்
கொஞ்ச நேரம் நின்றது.

வெளிநாட்டவர் தொடர்பு உண்டா?
"பேசாலைக்காரன் ஒருத்தன் சாரம் குடுத்தான்,
மாத்திக்கட்ட எதுவுமில்லன்னு.
பேரு கேக்கல. அவனும் உள்ளதான கெடந்தான்."
நீலத்தில் வெள்ளைக் கட்டம்.
அவர் இப்போது கட்டியிருப்பது அதுதான்,
முழங்காலில் ஒரு தையல்.

"இதனால அதுக்கு வேல போயிருமா?"
அதற்குக் கட்டம் இல்லை.
இருந்தாலும் நிரப்ப எனக்கு அதிகாரம் இல்லை.

கடைசியாகப் படம். வீடும் நானும் ஒரே சட்டத்தில்,
இருப்பிடக் குறியோடு.
அனுப்பும்போது போன் சுற்றியது, சுற்றியது,
பிறகு ஒரு செய்தி வந்தது:
இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.
எனக்கு அது தமாஷாக இருந்தது.
லிபோன்ஸுக்கு இல்லை.
"இங்க அப்படித்தான். அவங்க டவர் கையி நீளம்."

இராமநாதபுரம் புதுப் பஸ் நிலையம்.
டீ பாதி குடித்திருந்தேன்.
கோப்பு 7713 நிறுத்திவைக்கப்பட்டது என்று வந்தது.
அவளுக்கு ஒன்றுமில்லை. அப்பன் போய்வந்த மூன்று தடவையை
இன்னும் யாரும் படிக்கவே இல்லை.
சிவப்பு விழுந்தது என் எண்ணில்:
சரிபார்ப்பாளர் அயல்நாட்டு வலையில் இருந்திருக்கிறார்.
சென்ற நோக்கம்?
தங்கிய இடம்?
இரண்டு பேர் சாட்சி.

வலை என்றுதான் போட்டிருந்தது.

தொண்ணூறில் அறுபத்தெட்டை
அந்த ஒரு படம் தின்றிருந்தது.
மிச்சத்தில் பெட்ரோல் எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டேன்.
நாளைக்கு மறுபடி மணலில் தள்ள வேண்டும்.
எனக்குச் சாட்சி சொல்ல
லிபோன்ஸையும் கறுப்பாயியையும் விட்டால் யார்?

நோக்கம் என்ற கட்டத்தில்
காத்து கொண்டுபோச்சு என்று அடித்துப் பார்த்தேன்.
ஏற்கவில்லை.
குறைந்தது முப்பது எழுத்து வேண்டுமாம்.